மூன்று அதிர்வு

தியெரா தெல் ஃபுவேகோவில் ஜனவரி என்பது
வெயில் அடிக்கும் குளிர்.
கொட்டகைத் தகரத்தைக் காற்று
நாள் முழுக்கப் பிடித்து உலுக்கும்.
நான் சமையல்காரன், எலாதியோ.
பதினான்கு பேருக்கு ரொட்டி, ஆட்டுக்கறி,
சர்க்கரை போடாத ஒரு கோப்பை தனியாக.
அது யாருக்கு என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது.

நெலிதா ஒயார்சோ ஒரு நாளைக்கு
நூற்றெழுபது ஆடுகளுக்கு மயிர் மழிப்பாள்.
எண்ணிக்கைக்குத்தான் கூலி.
சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில்
முழங்கால்களுக்கிடையில் ஆடு மல்லாந்து கிடக்க
வலக்கையில் கத்தி ஓடிக்கொண்டே இருக்க
இடது மணிக்கட்டால் இடுப்பை அழுத்துவாள்
ஒரு தரம், இன்னொரு தரம், இன்னொரு தரம்.
கால்சட்டைக்குள் இருந்த இன்சுலின் பம்ப்
மூன்று தரம் அதிர்ந்து பதில் சொல்லும்:
மூன்று யூனிட், சரி.
அவள் தலையாட்டுவாள்.
ஆட்டுக்குத்தான் ஆட்டுகிறாள் என்று
இரண்டு பருவம் நினைத்திருந்தேன்.

போர்வெனிரில் சிக்னல் உண்டு.
ஞாயிற்றுக்கிழமை சோப்பு வாங்கப் போனவளிடம்
கைப்பேசி ஏதோ கேட்டது.
கியூவில் நின்றபடி 'சரி' என்றாள்.
'உங்கள் அனுபவத்தை எளிமையாக்கியிருக்கிறோம்.'

திங்கட்கிழமை மணிக்கட்டால் அழுத்தினாள்.
பொத்தான் இருந்தது.
அதற்கு வேலைதான் இல்லை.

இனி திரையைத் திறக்க வேண்டும்,
வட்டத்தை இழுக்க வேண்டும், எண்ணைப் படிக்க வேண்டும்,
விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும்.
கம்பளி நெய் ஊறிய விரலை
விரல் என்றே அந்தத் திரை ஒப்புக்கொள்ளவில்லை.
வெந்நீரில் ஒரு கழுவலுக்கு இரண்டு ஆடு நேரம் போகும்.
நாளைக்கு நான்கு வேளை.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பண்ணை அலுவலகத் தொலைபேசியில் சாந்தியாகோவைப் பிடித்தாள்.
மாவு மூட்டைக்குக் கையெழுத்து வாங்கப் போன நான்
கதவருகே நின்றேன்.
இளம் குரல், நல்ல குரல்.
பொத்தான் தவறுதலாக அழுந்திவிடுகிறதாம்,
பாதுகாப்புக்காக எடுத்துவிட்டார்களாம்.
எனக்குத் தவறியதில்லையே, ஒன்பது வருடமாக.
குறித்துக்கொள்கிறேன்.
பழையதைத் திருப்பிப் போட முடியுமா?
பழையது என்று இப்போது ஒன்று இல்லை, மேடம்.

மறுநாள் சமையலறை வாசலில் நின்றாள்.
"உன் விரல் சுத்தமா?"
"மாவு."
"மாவு பரவாயில்லை."
சட்டையைக் கொஞ்சம் தூக்கி
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வேலிக்கம்பி.
"மூன்றா?" என்றேன்.
"மூன்று. கத்தாதே."

கத்தவில்லை. ஆனாலும் கொட்டகைக்குத் தெரிந்துவிட்டது.
மணியடிக்கும் முன்பே எவனாவது கூவுவான்:
நெலிதா, உன் பொத்தான் அடுப்படியில் காத்திருக்கிறது!
சிரிப்பார்கள், கெட்டவர்கள் இல்லை.
கேக் வந்தால் இப்போது அவளைத் தாண்டிப் போகும்.
மூட்டை தூக்க வந்தால் ஒருவன் முந்திக்கொள்வான்.
தினம் நூற்றெழுபதை இறுக்கிப் பிடித்த கை
அந்த அன்பைப் பிடிக்கத் தெரியாமல் தொங்கும்.

பிப்ரவரியில் கும்பல் அடுத்த பண்ணைக்குக் கிளம்பியது.
"அங்கே சமையல் யார்?"
"விக்டோரியானோ."
"கை நடுங்குமாமே."
"குடிக்காத நாளில் நடுங்கும்."
"குடித்த நாளில்?"
"எண்ணமாட்டான்."

அந்தப் பருவத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.
லாரியில் ஏறிக் கம்பளிப் பொதிமேல் உட்கார்ந்தாள்.
மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிடம்.
பழக்கதோஷம், மணிக்கட்டு இடுப்புக்குப் போனது,
ஒரு தரம், இன்னொரு தரம்.
அதற்குள் என்ஜின் உயிர்பெற்று
லாரியே அதிர்ந்தது.
தலையாட்டினாளா என்று
தூசியில் எனக்குத் தெரியவில்லை.